கூட்டு மீதரவாக்கம்

கூட்டு மீதரவாக்கம் என்பது, பலர் பகிர்ந்து பயன்படுத்தும் எண்ணிமச் சேகரம் ஒன்றில் உள்ள நூல்கள், இதழ்கள், ஒளிப்படங்கள், ஒலிப்பதிவுகள் முதலியவற்றைப் பற்றிய விவரங்களையும், அவற்றை ஒழுங்குபடுத்தும் வகைப்பாட்டையும் பலர் சேர்ந்து உருவாக்கிப் பேணும் முறை ஆகும். ஒரு நூலின் உள்ளடக்கம் தரவு எனப்படும். அந்நூலின் தலைப்பு, ஆசிரியர், வெளியான ஆண்டு, பொருட்துறை போன்ற, நூலைப் பற்றிய தகவல்கள் மீதரவு எனப்படும். மரபு வழியில் இப்பணியைப் பயிற்சி பெற்ற நூலகர்களும் ஆவணக் காப்பாளர்களும் மட்டுமே செய்துவந்தனர். இணையத்தின் வளர்ச்சிக்குப் பின்னர் வாசகர்களும் தன்னார்வலர்களும் துறை அறிஞர்களும் இதில் பங்குபெறத் தொடங்கினர்.

எண்ணிமமாக்கப்பட்ட ஆவணம் ஒன்றைத் தேடிக் கண்டடைய உதவுவது அதன் மீதரவே. மீதரவு இல்லாத அல்லது பிழையான மீதரவு கொண்ட ஆவணம், வழங்கியில் பத்திரமாக இருந்தாலும் வாசகரைப் பொறுத்தவரை இல்லாததற்கு ஒப்பானது. தமிழில் மதுரைத் திட்டம், நூலகம் திட்டம், விக்கிமூலம் முதலிய தன்னார்வ முயற்சிகள் இம்முறையைப் பல்வேறு அளவுகளில் கையாண்டுள்ளன.

## அடிப்படைக் கருத்துகள்

கூட்டு மீதரவாக்கத்தைப் புரிந்துகொள்ளப் பின்வரும் கருத்துகள் இன்றியமையாதவை.

* மீதரவுக் கூறு: ஒரு பதிவில் நிரப்பப்பட வேண்டிய ஒவ்வொரு புலமும் ஒரு கூறாகும். தலைப்பு, ஆக்குநர், நாள், மொழி, உரிமை என்பன எடுத்துக்காட்டுகள்.
* வகைப்பாடு: பொருட்களைப் பெருவகை, உள்வகை எனப் படிநிலையாக அடுக்கும் ஒழுங்கு. ஒவ்வொரு உள்வகையும் தனக்கு மேலுள்ள வகையின் ஒரு பகுதியாக அமையும்.
* கட்டுப்படுத்தப்பட்ட சொற்றொகுதி: ஒரே கருத்தைக் குறிக்கும் பல சொற்களுள் ஒன்றை ஏற்புச் சொல்லாகத் தெரிந்து, ஏனையவற்றிலிருந்து அதற்கு வழிகாட்டும் பட்டியல்.
* ஏற்புப் பெயர்க் கோப்பு: ஆட்கள், ஊர்கள், நிறுவனங்கள் ஆகியவற்றின் பெயர்களுக்கான சொற்றொகுதி. ஒரே பெயருடைய இருவரைப் பிரித்தறியவும், பல பெயர்களுடைய ஒருவரை ஒன்றுசேர்க்கவும் இது பயன்படுகிறது.
* குறிச்சொல்: பயனர் தமக்குத் தோன்றிய சொல்லை எவ்விதக் கட்டுப்பாடும் இன்றி ஒரு பொருளுக்கு இடுவது. இவ்வாறு பலர் இடும் குறிச்சொற்களிலிருந்து தானாக உருவாகும் ஒழுங்கு மக்கள் வகைப்பாடு எனப்படும்.

வகைப்பாடு மேலிருந்து கீழ்நோக்கித் திட்டமிட்டு அமைக்கப்படுவது. மக்கள் வகைப்பாடு கீழிருந்து மேல்நோக்கி வளர்வது. பெரும்பாலான கூட்டுத் திட்டங்கள் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியையே பின்பற்றுகின்றன.

## வரலாறு

### அச்சுக்கால அட்டவணைகள்

தமிழ் நூல்களுக்கான அட்டவணை முயற்சிகள் 19ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டன. ஜான் மர்டாக் அச்சான தமிழ் நூல்களைப் பொருள்வாரியாக வகைப்படுத்திய அட்டவணையை 1865இல் வெளியிட்டார். 1867ஆம் ஆண்டின் அச்சகங்கள் மற்றும் நூல்கள் பதிவுச் சட்டம், அச்சிடப்படும் ஒவ்வொரு நூலும் அரசிடம் பதியப்பட வேண்டும் என்று விதித்தது. இச்சட்டத்தின் வழியாகத் திரண்ட பதிவுகள் பிற்கால நூல் விவர அட்டவணைகளுக்கு அடிப்படையாயின.

இத்துறையில் உலகளாவிய தாக்கத்தை ஏற்படுத்தியவர் சீர்காழியில் 1892இல் பிறந்த சீ. இரா. அரங்கநாதன். இவர் 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். இவரது நூலக அறிவியலின் ஐந்து விதிகள் 1931இலும், கோலன் பகுப்பு முறை 1933இலும் வெளியாயின. 1876இல் வெளியான தூயி தசமப் பகுப்பு முறை, ஒவ்வொரு நூலுக்கும் ஆயத்தமாக உள்ள எண்களுள் ஒன்றை அளிக்கிறது. அரங்கநாதனோ ஒரு பொருளை ஆளுமை, பருப்பொருள், ஆற்றல், இடம், காலம் என்னும் ஐந்து முகங்களாகப் பிரித்து, அம்முகங்களைச் சேர்த்து எண்ணை அமைக்கும் முறையை உருவாக்கினார். பல கோணங்களிலிருந்து தேடலைச் சுருக்கிச் செல்ல உதவும் இன்றைய இணையத்தள வடிகட்டிகளின் பின்னாலுள்ள கருத்தும் இதுவே.

### கணினிக் காலம்

1960களில் அமெரிக்கக் காங்கிரசு நூலகத்தில் ஹென்ரியட் அவ்ரம் தலைமையில் உருவான மார்க் வடிவம், நூலட்டவணைப் பதிவுகளைக் கணினி படிக்கும்படி ஆக்கியது. ஒரு நூலகம் ஆக்கிய பதிவை இன்னொரு நூலகம் பெற்றுப் பயன்படுத்த இது வழிவகுத்தது. நூலகங்களுக்கு இடையிலான கூட்டு அட்டவணையாக்கம் இதனால் விரைவு பெற்றது.

1995இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து டப்ளின் நகரில் நடந்த பட்டறையில், எவரும் எளிதில் நிரப்பக்கூடிய ஒரு சிறிய கூறுத் தொகுதி முன்மொழியப்பட்டது. இது டப்ளின் கரு என அழைக்கப்படுகிறது. இதன் அடிப்படைக் கூறுகள் பதினைந்து. 2003இல் இது பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்டது. நூலகப் பயிற்சி இல்லாதவரும் மீதரவு எழுதலாம் என்ற நிலையை ஏற்படுத்தியதில் இதன் பங்கு பெரிது.

### இணையக் காலம்

2003இல் தொடங்கப்பட்ட டெலிசியசு, 2004இல் தொடங்கப்பட்ட பிளிக்கர் ஆகிய தளங்கள் குறிச்சொல் இடும் வழக்கத்தைப் பரவலாக்கின. மக்கள் வகைப்பாடு என்பதற்கான ஆங்கிலச் சொல்லைத் தோமசு வான்டர் வால் 2004இல் உருவாக்கினார். 2008 சனவரியில் அமெரிக்கக் காங்கிரசு நூலகம் ஏறத்தாழ 3,000 பழைய ஒளிப்படங்களைப் பிளிக்கர் தளத்தில் வெளியிட்டு, பொதுமக்களின் குறிச்சொற்களையும் கருத்துகளையும் வரவேற்றது. படத்திலுள்ள இடத்தையும் ஆட்களையும் பயனர்கள் அடையாளம் காட்டினர். நூலகப் பணியாளர்கள் அவற்றைச் சரிபார்த்துத் தமது அட்டவணைப் பதிவுகளைத் திருத்தினர்.

2004இல் விக்கிமீடியா பொதுவகம் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் விக்கிப்பீடியாவில் பகுப்பு வசதி அறிமுகமானது. 2012இல் தொடங்கப்பட்ட விக்கித்தரவு, ஒவ்வொரு பொருளுக்கும் மொழி சாராத ஓர் அடையாள எண்ணை வழங்கி, அவ்வெண்ணின் கீழ் எல்லா மொழிப் பெயர்களையும் சேர்க்கிறது. 2019 முதல் பொதுவகக் கோப்புகளில் உள்ளவற்றை விக்கித்தரவு உருப்படிகளைக் கொண்டு குறிக்கும் வசதியும் ஏற்பட்டது.

## தமிழ்ச் சேகரங்களில்

மதுரைத் திட்டம் 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கப்பட்டது. பல நாடுகளில் வாழும் தன்னார்வலர்கள் தமிழ் இலக்கியங்களைத் தட்டச்சு செய்தும் மெய்ப்புப் பார்த்தும் மின்பதிப்புகளாக வெளியிட்டனர். மின்பதிப்புகளின் தொடக்கத்தில் உள்ளிட்டவர், மெய்ப்புப் பார்த்தவர் முதலியோரின் பெயர்கள் தரப்படுகின்றன. இதுவும் ஒருவகை மீதரவே. மின்பதிப்பு யாருடைய உழைப்பால் உருவானது என்பதை அறிய இது உதவுகிறது.

நூலகம் திட்டம் ஈழத்துத் தமிழ் ஆவணங்களைப் பாதுகாக்கும் நோக்குடன் 2005இல் தொடங்கப்பட்டது. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் பல ஓலைச்சுவடிகளும் அழிந்தன. அத்தகைய இழப்பின் பின்னணியில், எஞ்சியிருப்பவற்றைத் தேடித் தொகுப்பதும் அவற்றின் விவரங்களைப் பதிவதும் ஒரே பணியின் இரு பகுதிகளாகக் கருதப்பட்டன. விக்கி மென்பொருளில் அமைந்த இத்தளத்தில் ஒவ்வொரு நூலுக்கும் ஒரு பக்கம் உண்டு. நூலக எண், ஆசிரியர், நூல் வகை, மொழி, வெளியீட்டாளர், வெளியீட்டாண்டு, பக்கங்கள் ஆகியவை வார்ப்புரு ஒன்றில் நிரப்பப்படுகின்றன. பல நூல்களுக்கும் இதழ்களுக்கும் உள்ளடக்கப் பட்டியலும் தட்டச்சு செய்யப்படுவதால், இதழொன்றில் வெளியான தனிக் கட்டுரையையும் தேடிப் பெறலாம்.

ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தன்னார்வத் திட்டம் அன்று. தொழில்முறை நூலகம் ஆகும். கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா செட்டியாரின் தனிச் சேகரத்தைக் கொண்டு 1994இல் சென்னையில் இது நிறுவப்பட்டது. பன்னாட்டு நூலகத் தரங்களின்படி அட்டவணையிடப்பட்ட இதன் பதிவுகள், தமிழ் நூல்களின் ஆண்டு, பதிப்பு முதலிய விவரங்களைச் சரிபார்ப்பதற்குப் பயன்படுவன.

தமிழ் விக்கிமூலம் தமிழ் இணையக் கல்விக்கழகத்துடனான கூட்டு முயற்சியின் பயனாக, நாட்டுடைமையாக்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்களின் மின்வருடல்களைப் பெற்றது. இவ்வளவு கோப்புகளையும் பொதுவகத்தில் ஏற்றுவதற்கு ஒவ்வொன்றின் தலைப்பு, ஆசிரியர், உரிமம் ஆகியவை சீரான வடிவில் தேவைப்பட்டன.

இதற்கு மாறாக, 2000களின் தொடக்கத்தில் உருவான இந்திய எண்ணிம நூலகம் பெருமளவு நூல்களை மின்வருடியபோதிலும், இந்திய மொழி நூல்களின் தலைப்புகளையும் ஆசிரியர் பெயர்களையும் சீரற்ற உரோமன் எழுத்துப்பெயர்ப்பில் பதிந்தது. எழுத்துப்பிழைகள் மலிந்த அப்பதிவுகளால், இருக்கும் நூலையே கண்டடைய முடியாத நிலை பலருக்கு ஏற்பட்டது. மின்வருடலின் வேகத்துக்கு மீதரவின் தரம் ஈடுகொடுக்காவிடின் நேர்வதற்கு இது எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.

## செயன்முறை

கூட்டு மீதரவாக்கம் பொதுவாகப் பின்வரும் படிகளில் நடைபெறும்.

1. கூறுகளைத் தீர்மானித்தல்: கட்டாயமானவை எவை, விருப்பத்துக்குரியவை எவை என்று வரையறுத்தல். கூறுகள் மிகுந்தால் பங்களிப்போர் சோர்வடைவர். குறைந்தால் தேடல் பயனற்றுப்போகும்.
2. எழுதும் நெறியை வகுத்தல்: நாளை எவ்வாறு எழுதுவது, முதலெழுத்துகளை எங்கே இடுவது, ஆண்டு தெரியாதபோது என்ன செய்வது போன்றவற்றுக்கு விதி எழுதுதல்.
3. சொற்றொகுதியைத் தொகுத்தல்: ஏற்புச் சொற்களையும் அவற்றுக்கான மாற்றுச் சொற்களையும் பட்டியலிடுதல்.
4. பதிதல்: ஆவணத்தை நேரில் கண்டு விவரங்களை நிரப்புதல். அட்டையைவிடத் தலைப்புப் பக்கமே நம்பத்தக்க மூலமாகக் கொள்ளப்படும்.
5. சரிபார்த்தல்: பதிந்தவர் அல்லாத இன்னொருவர் பதிவை ஒப்புநோக்குதல்.
6. உரையாடித் திருத்துதல்: கருத்து வேறுபாடு எழும்போது காரணங்களை எழுத்தில் முன்வைத்து இணக்கம் காணுதல். முடிவும் அதன் காரணமும் பிற்காலப் பங்களிப்பாளர்களுக்காகப் பதிந்து வைக்கப்படும்.

விக்கி மென்பொருள்களில் ஒவ்வொரு மாற்றமும் வரலாற்றுப் பக்கத்தில் சேமிக்கப்படுவதால், தவறான மாற்றத்தை மீட்டெடுப்பது எளிது. இதனாலேயே முன்பின் அறியாதவர்களும் அச்சமின்றி ஒரு பதிவில் இணைந்து பணியாற்ற முடிகிறது.

## எடுத்துக்காட்டு: நெய்வேலி பற்றிய ஆவணங்கள்

கடலூர் மாவட்டத்தில் உள்ள நெய்வேலி பழுப்பு நிலக்கரி நகரியம் பற்றிய ஆவணங்களை வகைப்படுத்தும்போது எழும் வினாக்கள், கூட்டு மீதரவாக்கத்தின் பெரும்பாலான சிக்கல்களை விளக்கப் போதுமானவை. நிறுவன அறிக்கைகள், பொறியியல் நூல்கள், நாளிதழ்ச் செய்திகள், குடும்ப ஒளிப்படங்கள், 1998 முதல் நடத்தப்பட்டுவந்த புத்தகக் கண்காட்சியின் வெளியீடுகள் எனப் பல வகையான ஆவணங்கள் இவ்வூர் சார்ந்து உள்ளன.

### இடமும் காலமும்

நெய்வேலி தன் இடத்திலேயே இருக்க, அதைச் சூழ்ந்த நிருவாகப் பெயர்கள் மாறியுள்ளன. நிறுவனம் உருவான 1956இல் இவ்வூர் சென்னை மாநிலத்தின் தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. 1969இல் மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு என மாறியது. 1993இல் தென்னாற்காடு மாவட்டம் பிரிக்கப்பட்டபோது, இப்பகுதி தென்னாற்காடு வள்ளலார் மாவட்டம் என்ற பெயரைப் பெற்றது. பின்னர் அது கடலூர் மாவட்டம் ஆனது. 1965ஆம் ஆண்டு ஆவணம் ஒன்றைக் கடலூர் மாவட்டம் என்று மட்டும் குறித்தால் அது காலப்பிழையாகும். தென்னாற்காடு என்று மட்டும் குறித்தால் இக்கால மாணவருக்கு அது கிடைக்காது. ஆவணத்தில் உள்ள பெயரை உள்ளபடியே பதிந்து, அதை ஊருக்கான நிலையான அடையாள எண்ணுடன் இணைப்பதே இதற்குரிய தீர்வு. விக்கித்தரவில் ஓர் ஊர் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை எந்த மாவட்டத்தில் இருந்தது என்பதைத் தொடக்க, முடிவு நாட்களுடன் குறிக்கலாம்.

### நிறுவனப் பெயர்

ஒரே நிறுவனம் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேசன், நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம், என்.எல்.சி. எனப் பலவாறு எழுதப்பட்டு வந்துள்ளது. 2016இல் அதன் அலுவல்முறைப் பெயர் என்.எல்.சி. இந்தியா லிமிடெட் என மாற்றப்பட்டது. ஏற்புப் பெயர்க் கோப்பில் இவை அனைத்தும் ஒரே பதிவின் கீழ் வரவேண்டும்.

இதற்கு எதிரான சிக்கலும் உண்டு. சோவியத் ஒன்றியத்தின் உதவியுடன் அமைக்கப்பட்டு 1962இல் மின் உற்பத்தியைத் தொடங்கிய முதலாம் அனல்மின் நிலையம் 600 மெகாவாட் திறன் கொண்டிருந்தது. அது 2020இல் மூடப்பட்டது. முதலாம் அனல்மின் நிலைய விரிவாக்கம் என்பது 2000களில் இயங்கத் தொடங்கிய வேறொரு நிலையம். புதிய அனல்மின் நிலையம் என்பது மூன்றாவது ஒன்று. பெயர் ஒப்புமையால் இம்மூன்றையும் ஒன்றாக்கிவிடும் பதிவு, நாற்பது ஆண்டு இடைவெளி கொண்ட படங்களை ஒரே கட்டடத்தின் படங்களாகக் காட்டிவிடும்.

### ஒரு சொல், இரு பொருள்

நெய்வேலி நகரியத்தின் குடியிருப்புப் பிரிவுகள் எண்களால் குறிக்கப்பட்டு, வட்டம் என அழைக்கப்படுகின்றன. தமிழ்நாட்டின் வருவாய் நிருவாகத்திலோ வட்டம் என்பது மாவட்டத்தின் உட்பிரிவான தாலுகாவைக் குறிக்கும். நகரியத்தில் வாழ்ந்தவர் ஒருவர் இடும் "வட்டம்" என்ற குறிச்சொல்லை, வெளியூர்ப் பங்களிப்பாளர் தாலுகா என்று கருதி மாற்றிவிட வாய்ப்புண்டு. உள்ளூர் அறிவு இல்லாமல் இவ்வேறுபாட்டைக் கண்டறிவது கடினம். "வட்டம், குடியிருப்புப் பிரிவு" எனவும் "வட்டம், வருவாய் நிருவாகம்" எனவும் பிரித்து எழுதுவதன் மூலம் இக்குழப்பம் நீக்கப்படும்.

### பொருட்துறை

நெய்வேலியில் கிடைப்பது பழுப்பு நிலக்கரி. பேச்சு வழக்கில் அது நிலக்கரி என்றே சொல்லப்படுகிறது. வகைப்பாட்டில் பழுப்பு நிலக்கரியை நிலக்கரியின் உள்வகையாக அமைத்தால், இரு சொற்களைக் கொண்டு தேடுவோரும் உரிய ஆவணத்தை அடைவர். தூயி முறையில் நெய்வேலிச் சுரங்கப் பொறியியல் நூல் 622இலும், மின் பொறியியல் நூல் 621.3இலும், தமிழ்நாட்டு வரலாறு சார்ந்த நூல் 954.82இலும், நெய்வேலியைக் களமாகக் கொண்ட தமிழ்ப் புதினம் 894.811இலும் இடம்பெறும். நூலகத் தட்டுகளில் இவை வெவ்வேறு இடங்களில் சிதறிக் கிடக்கும். எண்ணிமச் சேகரத்தில் இட முகத்தைத் தனிக் கூறாகக் கொண்டால் இந்நான்கையும் நெய்வேலி என்ற ஒரே சொல்லால் ஒன்றுதிரட்டலாம். அரங்கநாதனின் பன்முகப் பகுப்பின் பயனை இங்குத் தெளிவாகக் காணலாம்.

### நிலமும் ஊர்ப்பெயர்களும்

நெய்வேலிச் சுரங்கங்கள் திறந்தவெளிச் சுரங்கங்கள் ஆகும். சுரங்கத்துக்காக நிலம் எடுக்கப்பட்டபோது மக்கள் தம் ஊர்களைவிட்டு இடம்பெயர்ந்தனர். அவ்வாறு நிலப்பரப்பிலிருந்து மறைந்த ஊரின் பெயர், பழைய பத்திரங்களிலும் கோயில் அழைப்பிதழ்களிலும் பள்ளிச் சான்றிதழ்களிலும் முதியோரின் நினைவிலும் மட்டுமே எஞ்சக்கூடும். மறைந்த ஊருக்கும் இடப்பெயர்ப் பட்டியலில் தனிப் பதிவு தேவை. அருகிலுள்ள இன்றைய ஊரின் பெயரால் அதைக் குறித்துவிட்டால், அவ்வூர் இருந்தமைக்கான தடயமே சேகரத்திலிருந்து நீங்கிவிடும்.

சொல் தெரிவும் நடுநிலை சார்ந்த வினாவாகிறது. 2023 சூலையில் வளையமாதேவிப் பகுதியில் பயிர் நின்ற நிலத்தில் வாய்க்கால் பணிகள் மேற்கொள்ளப்பட்டபோது எதிர்ப்புப் போராட்டங்கள் நடைபெற்றன. அது பற்றிய ஒரே செய்திப்படத்துக்குச் "சுரங்க விரிவாக்கம்" என்று ஒருவரும், "நில எடுப்பு" என்று இன்னொருவரும், "பயிர் அழிப்பு" என்று மற்றொருவரும் குறிச்சொல் இடலாம். ஒவ்வொரு சொல்லும் நிகழ்வை ஒரு பக்கத்திலிருந்து காட்டுகிறது. ஒன்றை மட்டும் ஏற்று ஏனையவற்றை நீக்குவதைவிட, அனைத்தையும் தேடல் வழிகளாக வைத்துக்கொண்டு, தலைப்புக் கூறில் இடம், நாள், காட்சி ஆகியவற்றை மட்டும் எழுதுவது பொருத்தமான நடைமுறை ஆகும்.

### மாதிரிப் பதிவு

முதலாம் அனல்மின் நிலையத்தின் 1965ஆம் ஆண்டு ஒளிப்படம் ஒன்று கிடைப்பதாகக் கொண்டால், அதன் பதிவு பின்வருமாறு அமையலாம்.

* தலைப்பு: நெய்வேலி முதலாம் அனல்மின் நிலையத்தின் தோற்றம்
* வகை: ஒளிப்படம், கறுப்பு வெள்ளை
* நாள்: 1965
* இடம்: நெய்வேலி
* அக்கால நிருவாகப் பிரிவு: தென்னாற்காடு மாவட்டம், சென்னை மாநிலம்
* இக்கால நிருவாகப் பிரிவு: கடலூர் மாவட்டம், தமிழ்நாடு
* பொருள்: அனல்மின் நிலையங்கள், பழுப்பு நிலக்கரி, மின் உற்பத்தி
* தொடர்புடைய நிறுவனம்: என்.எல்.சி. இந்தியா லிமிடெட் (அக்காலப் பெயர்: நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேசன்)
* நாளுக்கான சான்று: படத்தின் பின்புறக் கையெழுத்துக் குறிப்பு
* உரிமை: படத்தை அளித்தவரின் இசைவு விவரம்

இவற்றுள் நாளுக்கான சான்று என்ற கூறு குறிப்பிடத்தக்கது. ஒரு விவரம் எங்கிருந்து பெறப்பட்டது என்று எழுதப்பட்டால் மட்டுமே, பின்னர் வருபவர் அதை ஏற்கவோ திருத்தவோ இயலும்.

## தமிழுக்குரிய சிக்கல்கள்

### ஆட்பெயர்கள்

தமிழ்ப் பெயர்களில் குடும்பப் பெயர் பெரும்பாலும் இல்லை. முதலெழுத்துகள் தந்தை பெயரையோ ஊரையோ குறிக்கும். மேலைநாட்டு மென்பொருள்கள் பெயரின் இறுதிச் சொல்லைக் குடும்பப் பெயராகக் கொள்வதால், பலருடைய பெயர்கள் தவறாக அகரவரிசைப்படுத்தப்படுகின்றன. உ. வே. சாமிநாதையர் என்ற பெயர் சுவாமிநாத ஐயர், சாமிநாத ஐயர் எனவும் எழுதப்படுகிறது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி கண்டறியப்பட்ட வரலாற்றுடன் தொடர்புடைய ஜம்புலிங்க முதலியாரின் பெயர் சம்புலிங்க முதலியார் எனவும் காணப்படும்.

புனைபெயர்கள் மற்றொரு சிக்கல். புதுமைப்பித்தனின் இயற்பெயர் சொ. விருத்தாசலம். விருத்தாசலம் என்பது நெய்வேலிக்கு அருகிலுள்ள ஒரு நகரத்தின் பெயரும் ஆகும். அந்நகரத்துக்குத் திருமுதுகுன்றம் என்ற பழைய பெயரும் உண்டு. ஆளையும் ஊரையும் வேறுபடுத்தாத தேடலில் இவை ஒன்றோடொன்று கலந்துவிடும்.

### எழுத்தும் குறியேற்றமும்

ஒருங்குறிக்கு முன்னர்த் திசுக்கி, தாப், தாம் எனப் பல குறியேற்றங்கள் வழங்கின. அவற்றில் உருவான பட்டியல்களை ஒருங்குறிக்கு மாற்றும்போது எழுத்துகள் சிதைவதுண்டு. ஒருங்குறியிலும் "கொ" போன்ற எழுத்தை இரு வகையான குறித்தொடர்களால் எழுதலாம். 2005இல் ஶகரம் சேர்க்கப்பட்டபின் ஶ்ரீ என்பதற்கும் இரு தொடர்கள் ஏற்பட்டன. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இவை கணினிக்கு வெவ்வேறானவை. ஔகாரத்துக்குப் பதில் ஒகரத்தையும் ளகரத்தையும் சேர்த்து எழுதும் பழக்கமும் தேடலைப் பாதிக்கிறது. சேமிப்பதற்கு முன்னர்க் குறித்தொடர்களை இயல்பாக்கம் செய்வதன் மூலம் இவற்றுள் பலவற்றைத் தவிர்க்கலாம்.

### வழக்கு வேறுபாடுகள்

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் கலைச்சொற்கள் வேறுபடுகின்றன. மின்னணுவியல் என்பது இலங்கையில் இலத்திரனியல் எனப்படும். இதழ், சஞ்சிகை ஆகிய இரண்டும் வழக்கில் உள்ளன. கிரந்த எழுத்துகளைப் பயன்படுத்துவது, தவிர்ப்பது ஆகிய இரு நெறிகளால் ரஷ்யா, உருசியா போன்ற இணை வடிவங்கள் உருவாகின்றன. பகுப்புகளுக்கு ஒரு வடிவத்தையே தெரிய வேண்டியிருப்பதால், இவை நீண்ட உரையாடல்களுக்கு இடமளிப்பது வழக்கம். எந்த வடிவம் தெரியப்பட்டாலும், மற்ற வடிவத்திலிருந்து வழிமாற்று அமைப்பது வாசகரின் தேவையை நிறைவு செய்யும்.

## நன்மைகள்

* ஒரு நிறுவனத்தின் பணியாளர்களால் மட்டும் செய்து முடிக்க இயலாத அளவுள்ள சேகரங்களுக்கும் விவரம் எழுத முடிகிறது.
* ஊர், தொழில், குடும்பம் சார்ந்த, நூல்களில் இல்லாத அறிவு பதிவாகிறது.
* பல மொழிகளில் தலைப்புகளும் விளக்கங்களும் கிடைக்கின்றன.
* பதிவுகள் ஒருமுறை எழுதப்பட்டு முடங்காமல் தொடர்ந்து திருத்தம் பெறுகின்றன.

## குறைகளும் தீர்வுகளும்

கூட்டு முறையின் முதன்மையான குறை சீரின்மை. ஒரே பொருளுக்கு ஒருமையிலும் பன்மையிலும் பகுப்புகள் தோன்றுவது, ஒரு பகுப்பு தனக்குத்தானே தாய்ப் பகுப்பாகும் சுழற்சி ஏற்படுவது, ஓரிரு உருப்படிகளுக்காக மிக நுண்ணிய பகுப்புகள் உருவாவது ஆகியவை அடிக்கடி காணப்படுவன. பெயரிடல் மரபுகளும் காலமுறைத் துப்புரவுப் பணிகளும் தானியங்கிகளும் இவற்றைக் குறைக்க உதவுகின்றன.

பங்களிப்பின் ஏற்றத்தாழ்வு இன்னொரு குறை. சிலரே பெரும்பகுதிப் பணியைச் செய்வதால், அவர்களது ஆர்வத் துறைகள் நன்கு விவரிக்கப்பட்டும் ஏனையவை வெறுமையாகவும் இருக்கும். இலக்கிய நூல்களுக்கு நிறைந்த மீதரவு கிடைக்க, தொழிற்சங்கத் துண்டறிக்கை, பயிற்சிக் கையேடு போன்றவை விவரமின்றிக் கிடப்பதுண்டு. தொழில்நகரங்கள் சார்ந்த ஆவணங்கள் இவ்வகையில் பெரிதும் பாதிக்கப்படுகின்றன.

பிழை பரவுவதும் கவனத்துக்குரியது. ஒரு சேகரத்தில் தவறாக எழுதப்பட்ட ஆண்டு, தானியங்கி அறுவடை மூலம் பல சேகரங்களுக்குச் சென்றுவிட்டால், அவை ஒன்றுக்கொன்று சான்றாகத் தோன்றும். மூல ஆவணத்தை மீண்டும் காண்பதைத் தவிர இதற்கு வேறு தீர்வு இல்லை.

அண்மைக் காலத்தில் எழுத்துணரியும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் தலைப்பு, ஆசிரியர் போன்றவற்றைத் தாமாகவே பிரித்தெடுக்கின்றன. இவை தொடக்க வரைவுக்கு உதவினும், ஒரே பெயருடையோரைப் பிரித்தறிதல், உள்ளூர்ச் சொற்பொருளை உணர்தல் ஆகியவற்றுக்கு மனிதச் சரிபார்ப்பு தேவைப்படுகிறது.

## உரிமையும் அறமும்

ஒரு படைப்பின் பதிப்புரிமையும் அதன் மீதரவின் உரிமையும் வெவ்வேறானவை. விக்கித்தரவின் தரவுகள் எவ்வித உரிமைக் கட்டுப்பாடும் இன்றிப் பொதுவில் விடப்படுகின்றன. இதனால் பிற சேகரங்கள் அவற்றைத் தடையின்றிப் பயன்படுத்த முடிகிறது.

எல்லா விவரங்களும் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டியவை அல்ல என்ற கருத்தும் உண்டு. ஆத்திரேலியாவின் வாருமுங்கு பழங்குடி மக்களுடன் இணைந்து 2000களில் உருவாக்கப்பட்ட முகுர்த்து என்னும் மென்பொருள், எந்தப் படத்தை யார் காணலாம் என்பதை அச்சமூகத்தின் மரபுகளே தீர்மானிக்கும்படி அமைக்கப்பட்டது. குடும்ப ஒளிப்படங்களையும் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளையும் சேர்க்கும் திட்டங்களில், படத்தில் உள்ள தனியாட்களின் பெயர், முகவரி ஆகியவற்றை வெளியிடுவதற்கு முன்னர் இசைவு பெறுவது நெறியாகக் கொள்ளப்படுகிறது. இழிவுபடுத்தும் பழைய சொற்கள் ஆவணத் தலைப்பிலேயே இருப்பின், தலைப்பை மாற்றாமல் வைத்துக்கொண்டு, பொருட்துறைக் கூறில் இக்காலத்துக்கு ஏற்ற சொல்லைப் பயன்படுத்துவது வழக்கம்.

## இவற்றையும் பார்க்கவும்

* மீதரவு
* நூலகப் பகுப்பாக்கம்
* கோலன் பகுப்பு முறை
* சீ. இரா. அரங்கநாதன்
* நூலகம் திட்டம்
* மதுரைத் திட்டம்
* விக்கித்தரவு
* நெய்வேலி